டோக்கன் கொடுப்பதற்கு முன்

பெசன்ட் நகரில் சிங்கிள் பெட்ரூம் தேடி வருகிற பிள்ளைகளைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் போன், பார்வை மட்டும் மாடி மாடியாக மேய்ந்துகொண்டிருக்கும். புரோக்கர் வண்டியை அணைக்காமலேயே பக்கத்தில் நிற்பார். "மேடம், இன்னும் ரெண்டு பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்க. சாயந்திரத்துக்குள்ள சொல்லிடுங்க" என்பார். அந்த இரண்டு பார்ட்டியையும் இந்த ஊரில் இதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் பத்து நிமிடத்தில் வீட்டைப் பார்த்து முடித்து, படி இறங்குவதற்குள் டோக்கன் அட்வான்ஸ் போனிலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

நான் இந்த ஊரில் பாதி வாழ்க்கை குடித்தனக்காரி, மீதி வாழ்க்கை வீட்டுக்காரி. திருவல்லிக்கேணி ஸ்டோர் வீட்டில் ஓர் அறையும் அடுப்படியுமாகத் தொடங்கினோம். மந்தைவெளியில் ஒரு மாடிப் போர்ஷனில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஓய்வு பெறும் சமயத்தில் பெசன்ட் நகரில் ஒரு சின்ன வீடு அமைந்தது. அதன் மாடியில் ஒரு சிங்கிள் பெட்ரூமை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்து நியாயமும் தெரியும், இரண்டு பக்கத்துக் கள்ளத்தனமும் தெரியும். யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கேட்க வேண்டியதையெல்லாம் டோக்கன் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடு. முன்னால் கேட்டால் அது பேச்சு. பின்னால் கேட்டால் சண்டை. நம் பிள்ளைகள் ஆபீசில் அமெரிக்காக்காரனோடு அரை ராத்திரியில் வாதாடுவார்கள். வீட்டுக்கார மாமியிடம் "மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீங்க" என்று கேட்க மட்டும் நா எழாது. குடியிருப்பவர்கள் கைவிட்டுப் போகிற பணத்தில் பெரும்பங்கு இந்த முகத்தாட்சண்யத்தில்தான் போகிறது.

என் தம்பி பேத்திக்கு ஓ.எம்.ஆர். பக்கம் வேலை கிடைத்தபோது, பெசன்ட் நகரைத் தவிர வேறெங்கும் இருக்க மாட்டேன் என்று நின்றாள். "கீழ என்னோட இரேண்டி" என்றேன். "பாட்டி, உங்க வீட்ல இருந்தா ஹாஸ்டல்ல இருக்கற மாதிரி" என்றாள். நியாயம்தான். ராத்திரி ஒன்பதுக்கு மேல் யாராவது போனில் சிரித்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். மாடியில் அப்போது ஆள் இருந்தார்கள். ஆகவே அவளுக்குத் துணையாக நானும் வீடு பார்க்கக் கிளம்பினேன்.

இந்தப் பேட்டைக்கு ஏன் இத்தனை கிராக்கி என்று அவளைக் கேட்டால் கடற்கரை, காபிக் கடைகள், ராத்திரி பத்து மணிக்கும் தெருவில் ஆள் நடமாட்டம் என்று அடுக்குவாள். மூன்றாவது காரணம் உண்மையிலேயே பெரிய காரணம். தனியாக இருக்கும் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய வசதி கிடையாது. ஆனால் இது பிறக்கும்போதே இப்படிப் பவிசாகப் பிறந்த இடமில்லை. ஊரூர் மீனவர் குப்பமும் மணல்மேடும் சவுக்குமாக இருந்த கரை. வீட்டுவசதி வாரியம் மனை பிரித்து அடுக்குமாடிகள் கட்டியது. அஷ்டலட்சுமி கோயில் குடமுழுக்கு 1976இல்தான் நடந்தது. அந்தக் காலத்தில் 29சி பேருந்தில் கடைசி நிறுத்தம் வரைக்கும் உட்கார்ந்து வந்தால், "அவ்வளவு தூரத்துல யாரு போயி இருப்பா" என்று உறவுக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அதன் பின்னாலேயே ஓ.எம்.ஆர். நெடுகக் கம்பெனிகள் வந்தன. அடையாறு, திருவான்மியூர், பெசன்ட் நகர் மூன்றிலும் தனி ஆளுக்கான சின்ன வீடுகளுக்குக் கொள்ளை கிராக்கி ஆனது அதற்கப்புறம்தான். கார் ஷெட் சிங்கிள் பெட்ரூம் ஆயிற்று. மொட்டைமாடி ரூம் சிங்கிள் பெட்ரூம் ஆயிற்று. பெரிய வீட்டின் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடுவில் சுவர் எழுப்பி அதுவும் ஒரு சிங்கிள் பெட்ரூம் ஆயிற்று.

முதலில் பார்த்த வீடு கடற்கரைச் சாலைக்கு மிக அருகில், மூன்றாவது மாடி. பால்கனியில் ஓர் ஓரமாக நின்று கழுத்தை வளைத்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழம் கடல் தெரிந்தது. பேத்திக்கு அதைப் பார்த்ததும் வேறெதுவும் தெரியவில்லை. நான் கடலைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்த்தேன். ஜன்னல் கிரில்லில் பெயின்ட் புத்தம் புதிது. விரலால் லேசாக அழுத்தினேன், அப்பளம் போல உள்ளே பொருமி உடைந்து துருப்பொடி கையில் ஒட்டியது. ஏசியின் வெளிப்பெட்டி பால்கனி மூலையில் இருந்தது. அதன் அலுமினியத் தகடுகள் வெள்ளை பூத்து, தொட்ட இடத்தில் உதிர்ந்தன. கதவுப் பூட்டில் சாவி இரண்டு முறை மக்கர் செய்தது. உப்புக்காற்றின் வேலை. கடலோரத்து வீட்டில் ஃபிரிட்ஜின் கால், கேஸ் அடுப்பின் அடித்தகடு, வண்டியின் சங்கிலி எல்லாம் உள்பக்க வீட்டைவிடச் சீக்கிரம் அரிக்கும். காற்று வாங்க வருகிறவனுக்கு அது காற்று. குடியிருப்பவனுக்கு அது மாதாந்தரச் செலவு.

"ஏசி ரிப்பேர் ஆனா யார் செலவு?" என்று கேட்டேன். வீட்டுக்காரர், பாவம், இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "அதெல்லாம் நல்லாத்தாம்மா ஓடுது" என்றார். நான் கேட்டது அது இல்லையே. திரும்பக் கேட்டேன். "டெனன்ட்தான் பாத்துக்கணும்" என்றார். மக்கிப்போன ஏசியை வைத்து வாடகையில் ஆயிரம், இரண்டாயிரம் கூட்டுவது, அது செத்ததும் குடியிருப்பவர் தலையில் கட்டுவது: இது கடற்கரையோரத்தில் பழகிப்போன ஒரு கணக்கு. அந்த வீடு வேண்டாம் என்று இறங்கி வரும்போது பேத்தி முகம் தொங்கிவிட்டது. கடற்கரையில் இருக்கும் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம் வரைக்கும் பொடிநடையாகக் கூட்டிக்கொண்டு போய், சுண்டல் வாங்கிக் கொடுத்து, "கடல் இங்கயேதான்டி இருக்கும், அதுக்குத் தனியா வாடகை எதுக்கு" என்றேன். பதில் சொல்லவில்லை.

இரண்டாவது வீடு மொட்டைமாடிக்குக் கீழே, மேற்குப் பார்த்த படுக்கையறை. புரோக்கர் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார். நான் சாயந்திரம் நாலு மணிக்குத்தான் வருவேன் என்றேன். போனதும் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தவள் கையை எடுத்துவிட்டாள். கத்திரிகூட இன்னும் ஆரம்பிக்கவில்லை. பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தச் சுவர் ராத்திரி பன்னிரண்டு மணி வரை கக்கிக்கொண்டே இருக்கும். பகலில் ஆபீசில் ஏசியில் இருந்துவிட்டு ராத்திரி தூங்க மட்டும் வருகிற பெண்ணுக்கு இதைவிடத் தண்டனை கிடையாது. மேலே தட்டோடு பதித்திருக்கிறார்களா, வெள்ளைப் பூச்சாவது அடித்திருக்கிறார்களா என்று மாடியேறிப் பார்த்தேன். வெறும் சிமென்ட் தளம். சரி என்று இறங்கிவிட்டோம். வீட்டை அது மோசமாக இருக்கும் நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. வெயிலுக்கு நாலு மணி, சத்தத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, தண்ணீருக்கு மே மாதம். எல்லாவற்றுக்கும் காத்திருக்க முடியாதுதான். முடியாததை அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இஸ்திரி வண்டிக்காரரைவிட அந்தத் தெருவைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. எந்த வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு குடித்தனம் மாறுகிறது என்பது அவருக்கு அத்துப்படி.

தண்ணீர் விஷயத்தை மட்டும் நான் அவசரமாகக் கடக்க மாட்டேன். அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1973இல் புத்தகமாக வந்தது. குழாயடியில் குடத்தோடு நின்ற எங்கள் தலைமுறைக்கு அது நாவலாகவே தெரியவில்லை, பக்கத்துப் போர்ஷன் கதையாகத் தெரிந்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டபோது மறுபடியும் அதே குடம், அதே வரிசை. இந்தமுறை குடத்துக்குப் பக்கத்தில் கார் நின்றது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கோடையில் லாரித் தண்ணீர் விலையைப் பங்கு போட்டபோது பல அடுக்குமாடிகளில் சண்டை வந்தது. தனி ஆளாக ஒரு பக்கெட்டில் குளித்துவிட்டு ஓடுகிறவளும், ஐந்து பேர் இருக்கும் மூன்று படுக்கையறைக் குடும்பமும் ஒரே பங்கு கொடுப்பதா? இதை முன்கூட்டியே கேட்க வேண்டும். பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே கணக்கா, சதுர அடிக்கு இவ்வளவா? லாரி வந்தால் தனியாகவா, அதற்குள்ளேயேவா? மெட்ரோ வாட்டர் சம்ப்புக்கு வருகிறதா, வந்தால் சமையலறையில் அதற்குத் தனிக் குழாய் உண்டா? போர் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து வாயில் வைத்துப் பாருங்கள். கடலோரத்து மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் நின்ற பேட்டைதான் இது. அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே ஏறும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பை 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். குழி எல்லா வீட்டிலும் இருக்கும். கடைசியாக எப்போது தூர் வாரினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வாட்ச்மேன் யோசிக்காமல் பதில் சொன்னால் நல்ல கட்டடம்.

மழைக்கும் ஒரு கேள்வி உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் கீழ்த்தளத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது, இபி மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது. இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் கோடு இருக்கும்.

பேட்டைக்கே உரிய சங்கடங்கள் சில உண்டு. சாலிகிராமத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது. ஆகஸ்ட் 29இலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா. காவி உடுத்தி நடந்து வருகிற பக்தர் கூட்டத்தில் உங்கள் தெருவுக்குள் ஆட்டோ வராது. எனக்கு அந்த நாட்கள் பிடிக்கும், நடந்து வருகிறவர்களுக்கு மோர் கொடுப்போம். ராத்திரி ஷிப்ட் முடிந்து கேப்பில் வருகிறவளுக்கு அது பிடிக்க வேண்டிய கட்டாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்கு வரும் வண்டிகள் உங்கள் கேட்டை மறித்து நிற்கும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வந்தால் பேட்டையோடு ஒத்துப்போகலாம்.

இனி பணம். புரோக்கர் "ட்வென்டி" என்பார். இருபதாயிரம் வீடு என்று நீங்களும் அம்மாவுக்குப் போன் செய்து சொல்வீர்கள். ஒரு காகிதம் எடுத்துக் கூட்டிப் பாருங்கள். பதினொரு மாத வாடகை 2,20,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 20,000. பராமரிப்பு மாதம் 2,500 என்றாலும் பதினொரு மாதத்துக்கு 27,500. காலி செய்யும்போது பெயின்டிங் சார்ஜ் என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள், இன்னொரு 20,000. மொத்தம் 2,87,500. பதினொன்றால் வகுத்தால் மாதம் 26,000க்கும் மேல். அட்வான்ஸாக முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு வட்டியை நான் சேர்க்கவில்லை. அதே வீட்டில் மூன்று வருஷம் இருந்தால் புரோக்கர் காசும் பெயின்ட் காசும் முப்பத்தாறு மாதத்தில் பரவிக் கரைந்துவிடும். அடிக்கடி வீடு மாறுகிறவர்கள்தான் உண்மையில் பெரிய வாடகை கொடுக்கிறார்கள்.

மின்சாரத்தில் இன்னொரு ஓட்டை. வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் 2016இலிருந்து இலவசம். தனி மீட்டர், தனி சர்வீஸ் எண் இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு வரும். வீட்டுக்காரர் தன் மீட்டரிலிருந்து சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்கினால் இலவசம் போயிற்று, ஸ்லாப் கணக்கும் போயிற்று. "இபி கார்டு பாக்கலாமா அங்கிள்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிள்ளைகள் கேட்பதே இல்லை. சட்டம் என்றாலே கோர்ட் என்று பயம். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1960ஆம் வருஷத்தது. அந்தச் சட்டத்தின் நிழலில், பத்துக்கும் இருபதுக்கும் குடிவந்து, பேரன் காலம் வரை காலி செய்யாமல் இருந்த குடித்தனங்களை நான் திருவல்லிக்கேணியில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஒழுகும் கூரையை வேண்டுமென்றே சரிசெய்யாமல் விடுவார், குடித்தனக்காரர் குடை பிடித்துக்கொண்டு குடியிருப்பார், வழக்கு ஒரு பக்கம் நடக்கும். பத்து மாத அட்வான்ஸ் என்று சென்னையில் ஒரு வழக்கம் வேரூன்றியது அந்தப் பயத்தில்தான். பதினொரு மாத ஒப்பந்தத்துக்குக் காரணம் வேறு. 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் ஒரு மாதத்தைக் கிள்ளினார்கள்.

இப்போது அப்படிக் கிள்ளினாலும் பதிவிலிருந்து தப்ப முடியாது. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்தில், பதினொரு மாதமோ பதினொரு வருஷமோ, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும். வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். என்ன தகராறு இருந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. இவற்றைவிட எனக்குப் பிடித்தது, யார் எதைப் பழுது பார்ப்பது என்று சட்டத்தின் பின்னால் போட்டிருக்கும் பட்டியல். குழாய் வாஷர் மாற்றுவது, ஸ்விட்ச், பூட்டு, தாழ்ப்பாள் குடியிருப்பவர் பாடு. பைப் மாற்றுவது, ஒயரிங், கட்டடப் பழுது வீட்டுக்காரர் பாடு. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் வீட்டுக்காரர் பட்டியலில்தான் இருக்கிறது! அப்படியென்றால் அந்த ஒரு மாதப் பெயின்டிங் சார்ஜ் எப்படி வருகிறது? ஒப்பந்தத்தில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ பத்தியில் ஒரு வரி இருக்கும். நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். எழுதி ஒப்புக்கொண்டதற்குச் சட்டம் குறுக்கே நிற்பதில்லை. அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள்: இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தால் பெயின்டிங் பிடித்தம் இல்லை என்று. நான் கேட்டு, மாற்றிக் கொடுத்த வீட்டுக்காரர்கள் உண்டு. நானே மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

24 மணி நேர விஷயத்தைச் சிரிக்காமல் சொல்ல எனக்கு வராது. மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்காரர் டேங்க் பார்க்கிறேன் என்று எந்த நேரமும் எங்கள் அடுக்களை வழியாகத்தான் மொட்டைமாடிக்குப் போவார். போகிற போக்கில் குழம்பு என்ன என்று மூடியைத் திறந்து பார்ப்பார். நல்ல மனிதர், என் பெரிய பிள்ளைக்கு ஜுரம் வந்த ராத்திரியில் ஆட்டோ பிடித்து வந்தவரும் அவர்தான். இருந்தாலும் அந்த மூடியை அவர் திறக்காமல் இருந்திருக்கலாம். தனியாக இருக்கும் பெண்களுக்கு நான் சொல்வது: குடிபோன அன்றே வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டுப் பூட்டை மாற்றிவிடு. பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. பூட்டுக்கு ஆகும் செலவு உன்னுடையது, நிம்மதியும் உன்னுடையது.

மூன்றாவது வீட்டில்தான் எனக்குக் கோபம் வந்தது. வீடு அம்சமாக இருந்தது. கிழக்குப் பார்த்த ஜன்னல், வேப்பமரம், சமையல் மேடையில் கடப்பா கல். வீட்டுக்கார அம்மாள் காபி கொடுத்தார். "சொந்த ஊர் எது?" என்றார். சொன்னோம். "அங்க எந்தத் தெரு?" என்றார். அடுத்து, "சாப்பாடு எப்படி?" அடுத்து, பேத்தியின் தோழியாக இன்னொரு பெண் சேர்ந்து இருப்பாள் என்றதும், "பேரு என்ன?" பெயரைச் சொன்னதும் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "ஃபேமிலிக்குக் குடுக்கலாம்னு பாக்கறோம்" என்றார். ஒற்றைப் படுக்கையறைக்கு எந்த ஃபேமிலி வரும் என்று நான் கேட்கவில்லை.

வாடகை வருமா, சுவர் உடையாதா, ராத்திரி சத்தம் இருக்குமா என்று வீட்டுக்காரர் கேட்கலாம். போன வீட்டுக்காரரின் நம்பர் கேட்கலாம், சம்பளச் சீட்டு கேட்கலாம். நானும் கேட்பேன். என் சாக்கடைக்குள் என்ன போகிறது என்பது என் கவலை; அவர்கள் வாணலியில் என்ன வேகிறது என்பது என் கவலை கிடையாது. கல்யாணமாகாதவர், முஸ்லிம், கறி சாப்பிடுகிறவர், சாதி தெரியாதவர் என்று ஒவ்வொரு பெயரில் வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் இந்த நகரத்தில் எத்தனை தெரு சுற்றி வீடு பிடிக்கிறார்கள் என்பது வீடு கொடுப்பவர்களுக்குத் தெரிவதே இல்லை. இந்த இடத்தில் மட்டும் என் யோசனை செல்லாது. எத்தனை தைரியமாகக் கேள்வி கேட்டாலும் அந்தப் பெண்ணுக்கு அந்த வீடு கிடைத்திருக்காது. அது குடியிருப்பவர் திருத்த வேண்டிய குறை இல்லை.

தேடுகிறவர்களுக்கு ஒரு காலக் குறிப்பு. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை எல்லோரும் வீடு மாறுவார்கள். அப்போது வீட்டுக்காரர் ராஜா. ஆடி பிறந்துவிட்டால் வீடு மாற மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள். காலியான வீடுகள் ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். ஆடியில் தேடுங்கள், ஆவணியில் குடிபோங்கள். மார்கழியிலும் அப்படித்தான். பூட்டிய வீட்டின் ஒரு மாத வாடகை நஷ்டம் வீட்டுக்காரர் மனதில் உறுத்திக்கொண்டிருக்கும்போது ஆயிரம் குறைக்கச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார். சாஸ்திரம் பார்க்காத பிள்ளைகள் ஆடியிலேயே குடிபோகலாம். இன்னும் கொஞ்சம் குறையும்.

பேத்திக்கு வீடு கிடைத்தது ஆடியில்தான். கடலிலிருந்து நாலு தெரு உள்ளே, முதல் மாடி, தெற்குப் பார்த்த ஜன்னல், தனி மீட்டர். வாடகை முதலில் பார்த்த வீட்டைவிட மூவாயிரம் குறைவு. தோழியின் பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டோம். அந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர். "டயத்துக்கு வாடகை வந்தா போதும்மா" என்றார். ஒப்பந்தத்தை அவள் பத்தி பத்தியாகப் படித்து, ஆணி அடிக்கக் கூடாது என்ற வரியில் நின்றாள். "அங்கிள், நாலு ஆணி மட்டும்" என்றாள். நாலு ஆணி என்றே எழுதிக் கொடுத்தார். குடிபோன அன்று எல்லாச் சுவரையும், குழாயையும், விரிசல் விட்ட இரண்டு டைல்ஸையும் போனில் படம் பிடித்து அவருக்கே அனுப்பிவிட்டாள். நான் சொல்லிக் கொடுத்தது அது. எங்கள் காலத்தில் போன் இல்லை, இருந்திருந்தால் மந்தைவெளியில் எங்களுக்குப் பாதி அட்வான்ஸாவது மிஞ்சியிருக்கும்.

கடைசியாக, என் வயது வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெசன்ட் நகரில் மாடி வைத்திருக்கும் நமக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில், பென்ஷன் கையில், வாடகை மேல்வரும்படி. மேலே குடியிருக்கும் பெண்ணுக்கு அந்த வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. பழைய வரி முறையில் வாடகைப் படிக்கு விலக்குக் கேட்கிறவர்கள் வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். கேட்டால் கொடுத்துவிடுங்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அது நமக்கும் காப்பு. அட்வான்ஸ் நம்முடைய பணம் இல்லை, நம்மிடம் கொடுத்து வைத்த பணம். அதைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு வையுங்கள். சாவியை வாங்கும் அன்றே கணக்கு முடித்துக் கொடுத்து அனுப்புங்கள்.